நிலாவோட பேரு, ஆரஞ்சு நிறம்... தேமலுக்குப் போடுற அந்த லோஷன்ல என்னதான் இருக்கு?

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்ல, சாயங்காலம் ஏழு மணிக்கு நின்னு பாருங்க. ஒரகடம் பக்கம் வேலை முடிச்சு கம்பெனி பஸ்ல வந்து இறங்கின ஒரு பையன், கடையில இருக்கிற மத்தவங்க போற வரைக்கும் போனை நோண்டிக்கிட்டு நிப்பான். கடை காலியானதும் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, தேமலுக்கு ஏதாச்சும் குடுங்க" என்பான். கடைக்காரர் இரண்டில் ஒன்றை எடுத்து வைப்பார். ஒன்று, சின்ன ட்யூப். இன்னொன்று, குலுக்கினால் ஆரஞ்சு கலரில் கலங்குகிற ஒரு பாட்டில்.

அந்தப் பையன் நீங்களாகவும் இருக்கலாம். யூனிஃபார்முக்குள்ள பத்து மணி நேரம் வேர்வை, அதுக்கப்புறம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். வெயிலும் புழுக்கமும் சேர்ற காஞ்சிபுரம் மாவட்டத்து உடம்புக்குத் தேமல் ஒண்ணும் புதுசு இல்லை. கழுத்து, முதுகு, நெஞ்சு, தோள்பட்டை என்று வெளிறின திட்டுகள். வலி கிடையாது. அரிப்பும் பெரிசா இருக்காது. ஆனா ஸ்லீவ்லெஸ் போட யோசிக்க வைக்கும், கிணத்துல குளிக்கச் சட்டையைக் கழற்றத் தயங்க வைக்கும். பொண்ணு பார்க்க வர்றாங்கன்னா வீட்டில் அம்மாவுக்குத் தூக்கமே வராது. சங்கப் பாட்டுக்காரங்க பெண்ணோட மேனியில் இருக்கிற தேமலை 'சுணங்கு'ன்னு அழகா வர்ணிச்சாங்க. இன்னிக்கு நாம அதை மறைக்க ஃபில்டர் தேடறோம்.

சரி, அந்த ஆரஞ்சு பாட்டிலுக்கு வருவோம். லேபிளைத் திருப்பினால் 'செலினியம் சல்ஃபைடு 2.5 சதவிகிதம்'னு இருக்கும். இது நல்ல மருந்துதான். ஆனா தப்பான ஆளுக்கு, தப்பான திட்டுக்கு, தப்பான முறையில் போனா தொல்லை.

செலினியம்னா என்ன?

1817-ல் ஸ்வீடனில், கந்தக அமிலம் தயாரிக்கிற ஓர் ஆலையின் கசடுல இருந்து பெர்சீலியஸ் என்ற வேதியியலாளர் இந்தத் தனிமத்தைக் கண்டுபிடிச்சார். இதே குணமுள்ள டெல்லூரியத்துக்கு ஏற்கெனவே பூமியோட லத்தீன் பெயரை வெச்சிருந்தாங்க. அதனால இதுக்கு நிலாவோட கிரேக்கப் பெயர்: செலீனி. அப்படி வந்தது செலினியம். தனிம அட்டவணையில் கந்தகத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும். அண்ணன் தம்பி மாதிரி, கந்தகம் செய்யுற பல வேலையை இதுவும் செய்யும்.

ஒரு செலினியம் அணுவுக்கு இரண்டு கந்தக அணு என்ற கணக்கில் சேர்ந்தா கிடைக்கிறதுதான் நம்ம பாட்டிலில் இருக்கிற பொருள். பளிச்சுனு ஆரஞ்சு, சில சமயம் செம்பழுப்பு நிறத் தூள். உண்மையில் இது ஒரே மாதிரியான மூலக்கூறு கிடையாது. செலினியமும் கந்தகமும் கலந்த எட்டு அணு வளையங்கள் பலதும் சேர்ந்த கலவை.

நமக்கு முக்கியமான குணம் ஒண்ணுதான்: இது தண்ணியில கரையாது. அதனாலதான் பாட்டிலின் அடியில் படியுது. 'நன்றாகக் குலுக்கவும்'னு போட்டிருக்கிறது சம்பிரதாயத்துக்கு இல்லை. குலுக்காம ஊத்தினா முதல் பாதி வெறும் சோப்புத் தண்ணி, கடைசிப் பாதி அளவுக்கு மீறின மருந்து. கரையாததால்தான் நல்ல தோல் வழியா இது உடம்புக்குள்ள அதிகம் போறதில்லை. இந்த மருந்தோட பாதுகாப்பே பெரும்பாலும் இந்தக் கரையாத குணத்தை நம்பித்தான் இருக்கு.

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பொடுகு மருந்தா விற்பனைக்கு வந்தது. எழுபது வருஷத்துக்கு மேல ஆகியும் காணாமப் போகலை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இதுக்கு ஓர் இடம் உண்டு.

தேமல் எப்படி வருது?

தேமல் 'சூட்டு உடம்பு'னால வர்றதில்லை. 'ரத்தம் கெட்டுப்போச்சு'ன்னு சொல்றதும் தப்பு. மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை எல்லாருடைய தோலிலும் குடியிருக்கு, உங்க தோலிலும் என் தோலிலும்தான். தோலின் எண்ணெய்ப் பசைதான் அதுக்குச் சாப்பாடு. புழுக்கமும் வேர்வையும் எண்ணெயும் சேர்ந்தா அது மளமளன்னு பெருகும். பெருகும்போது அது உருவாக்குற சில பொருட்கள் தோலுக்கு நிறம் தர்ற மெலனின் தயாரிப்பைத் தடுத்துடும். அதனால அந்த இடம் வெளிறுது. இந்தப் பூஞ்சை தலையில் பெருகினா, பொடுகில் அதுக்கும் பங்கு உண்டு.

இது ஏற்கெனவே எல்லார் மேலயும் இருக்கிற பூஞ்சைங்கிறதால, தேமல் தொட்டா ஒட்டுற வியாதி இல்லை. துண்டைத் தனியா வைக்கிறது நல்ல பழக்கம்தான். ஆனா தேமல் இருக்கிறவரைத் தள்ளி உட்காரச் சொல்றதில் அர்த்தமே இல்லை.

செலினியம் சல்ஃபைடு இங்க இரண்டு வேலை செய்யுது. பூஞ்சையை ஒடுக்குது. கூடவே, மேல்தோல் செல்கள் வேகமா பிரிஞ்சு உதிர்றதையும் மட்டுப்படுத்துது. பொடுகில் செதிள் குறையக் காரணம் அதுதான்.

முதல்ல அது தேமல்தானா?

இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க. ஷாம்பு போடுறதைவிட இதுதான் முக்கியம்.

தேமல் திட்டை நகத்தால் லேசா சுரண்டினா மாவு மாதிரி மெல்லிய செதிள் வரும். திட்டு வெளிறியோ பழுப்பாவோ இளஞ்சிவப்பாவோ இருக்கலாம். தொட்டா உணர்ச்சி நல்லாவே இருக்கும்.

சுண்ணாம்பு மாதிரி சுத்த வெள்ளையா, ஓரம் தெளிவா, செதிளே இல்லாம இருந்தா அது வெண்புள்ளியா இருக்கலாம். 'வெண்குஷ்டம்'கிற பழைய பெயரைச் சொல்லாதீங்க; அதுக்கும் குஷ்டத்துக்கும் சம்பந்தமே கிடையாது, தமிழக அரசே அந்தப் பெயரைக் கைவிடச் சொல்லியிருக்கு. இதுக்கு ஆரஞ்சு லோஷன் எதுவும் செய்யாது.

மூணாவதுதான் கவனிக்க வேண்டியது. வெளிறின அல்லது சிவந்த திட்டு, அதில் உணர்ச்சி குறைவு. பஞ்சால் தொட்டா தெரியாது, சூடு உறைக்காது. அந்த இடத்தில் வேர்க்காது, முடி உதிரும். இது தொழுநோயின் தொடக்கமா இருக்கலாம். இதைத் தேமல்னு நினைச்சு ஆறு மாசம் லோஷன் தேய்ச்சா, நரம்பு கெட்டுப்போக ஆறு மாசம் குடுத்த மாதிரி. சீக்கிரம் கண்டுபிடிச்சா மாத்திரையிலேயே முழுசா குணமாகும். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். மருந்து ஆரம்பிச்ச கொஞ்ச நாளிலேயே மத்தவங்களுக்குப் பரவுறதும் நின்னுடும்.

இந்த விஷயத்தில் நம்ம பக்கத்து ஆளுங்க கொடுத்துவெச்சவங்க. செங்கல்பட்டு திருமணியில் மத்திய அரசோட தொழுநோய் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனம் 1955-லிருந்து இருக்கு. நாடு முழுக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி குடுக்கிற இடம் அது. உத்திரமேரூர்லேர்ந்து பஸ்ல போயிடலாம். அவ்வளவு தூரம் போக வேணாம்னா, உத்திரமேரூர் அரசு ஆஸ்பத்திரியிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ "இந்தத் திட்டைக் கொஞ்சம் பாருங்க"ன்னு கேட்டாலே போதும். கூச்சப்பட இதில் ஒண்ணும் இல்லை. உணர்ச்சி இல்லாத திட்டுன்னா தள்ளிப்போடவே போடாதீங்க.

அப்புறம் அந்தச் சின்ன ட்யூப். ஸ்டீராய்டு கலந்த க்ரீம்கள் கிராமம் கிராமமா புழங்குது. போட்ட ரெண்டு நாளில் அரிப்பு போய், தோல் பளபளன்னு தெரியும். 'சூப்பர் மருந்து'னு பக்கத்து வீட்டுக்கும் சொல்லத் தோணும். உண்மையில் ஸ்டீராய்டு அந்த இடத்தோட எதிர்ப்பு சக்தியை அமுக்கிடும், பூஞ்சை உள்ளுக்குள்ள ஜோரா வளரும். மாசக்கணக்கில் போட்டா தோல் மெலிஞ்சு கோடு கோடா வெடிக்கும். இந்த க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாதுங்கிறது சட்டம். அது எந்த அளவுக்கு நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். ரெண்டில் ஒண்ணைத்தான் வாங்கணும்னா அந்த ட்யூபுக்கு ஆரஞ்சு பாட்டிலே எவ்வளவோ தேவலை.

போடுற முறை

டாக்டர் தேமல்னு உறுதி பண்ணிட்டாரா? ஓகே. 2.5 சதவிகித லோஷனை நல்லா குலுக்கிட்டு, திட்டு இருக்கிற இடத்தில் கொஞ்சம் தண்ணி தொட்டு நுரைவரத் தேய்ங்க. திட்டைத் தாண்டியும் கொஞ்சம் தேய்க்கணும், ஏன்னா கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை ஓரத்தில் இருக்கும். பத்து நிமிஷம் விடுங்க. அப்புறம் சுத்தமா கழுவிடுங்க. தினம் ஒரு வேளை, ஏழு நாள். வழக்கமான முறை அவ்வளவுதான்.

பொடுகுக்கு வேற கணக்கு. தலையில் தேய்ச்சு ரெண்டு மூணு நிமிஷம் விட்டுட்டு அலசி, இன்னொரு தடவை அதே மாதிரி. வாரத்துக்கு ரெண்டு நாள், ரெண்டு வாரம். அடங்கின பிறகு வாரம் ஒரு தடவையோ அதுக்கும் குறைவாவோ போதும். தினசரி ஷாம்பு மாதிரி இதைப் போட்டுக் குளிக்கிறது தப்பு.

சுத்தமா அலசுறதில் சோம்பல் கூடாது. மிச்சம் ஒட்டியிருந்தா எரிச்சல் வரும். நரைமுடி, டை அடிச்ச முடியில நிறம் மாறிடும். சிலருக்கு முடி பிசுபிசுன்னு ஆகும், சிலருக்குக் காய்ஞ்சுபோகும். வெள்ளிச் செயின், அரைஞாண் கொடி, மோதிரம் எல்லாத்தையும் கழற்றி வெச்சிட்டுப் போடுங்க, வெள்ளி கறுத்துடும். தொடை இடுக்கு, பிறப்புறுப்புப் பக்கம் வேணாம், அங்க எரிச்சல் கடுமையா இருக்கும். கண்ணில் பட்டா நிறையத் தண்ணி விட்டுக் கழுவுங்க. கர்ப்பமா இருக்கிறவங்களும் பால் குடுக்கிறவங்களும் டாக்டரைக் கேட்காம தொடாதீங்க. சின்னக் குழந்தைக்கு நீங்களா போட்டுவிடாதீங்க.

"ராத்திரி தடவிட்டுப் படுத்தா சீக்கிரம் போயிடும்"னு சில பேர் சொல்லுவாங்க. டாக்டர் சொல்லாம செய்யாதீங்க. காலையில் தோல் வெந்த மாதிரி சிவந்து எரியும்.

இப்ப நிறைய பேர் ஏமாந்துபோற விஷயம். ஏழு நாள் முடிஞ்சிருக்கும், திட்டு அப்படியே வெள்ளையா தெரியும். 'மருந்து வேலை செய்யலை'ன்னு இன்னும் ரெண்டு பாட்டில் வாங்கித் தேய்ப்பாங்க. பூஞ்சை செத்திருக்கும், நிறம்தான் திரும்பலை. மெலனின் மறுபடி ஊறி நிறம் சமமாக வாரக்கணக்கில், சில சமயம் மாசக்கணக்கில் ஆகும். சுரண்டினா செதிள் வரலைன்னா பெரும்பாலும் வேலை முடிஞ்சாச்சு. பத்து நாளில் கல்யாணம்னா எந்த மருந்தாலயும் அதுக்குள்ள நிறத்தைக் கொண்டுவர முடியாது. அடுத்த வெயில் காலத்தில் தேமல் திரும்ப வர்றதும் சகஜம், பூஞ்சை நம்மகூடவேதானே இருக்கு. அடிக்கடி வந்தா, மாசத்துக்கு ஒரு தடவை போடலாமான்னு டாக்டரைக் கேளுங்க.

பூவரசங்காய்ப் பாலு, வண்டுகொல்லி இலைன்னு பாட்டி வைத்தியம் நம்ம ஊரில் உண்டு. பாட்டியைக் குறை சொல்லலை. ஆனா இலையை அரைச்சுப் போட்டுப் புண்ணாக்கின தோலுக்கு மேல இந்த லோஷனைத் தேய்க்கிறது மட்டும் கூடவே கூடாது. ஏன்னு கீழ சொல்றேன்.

செலினியம்னாலே முடி கொட்டுமா?

செலினியம்னு தேடினா, மகாராஷ்டிரா செய்தி கண்டிப்பா கண்ணில் பட்டிருக்கும். 2024 டிசம்பர், 2025 ஜனவரியில், புல்தானா மாவட்டம் ஷேகாவ் வட்டாரத்தில் ஏறக்குறைய 18 கிராமங்கள். முதல்ல தலை அரிப்பு, அப்புறம் நாலைஞ்சு நாளில் கொத்துக் கொத்தா முடி உதிர்ந்து மொட்டை. பாதிக்கப்பட்டவங்க சுமார் 280 பேர். இளம்பெண்கள் காலேஜுக்குப் போறதை நிறுத்தினாங்க, பேசி முடிச்ச கல்யாணங்கள் நின்னுபோனதா செய்திகள் வந்தது. ஐ.சி.எம்.ஆர். குழுவே நேரில் போய் ஆராய்ஞ்சது. தேள்கடி சிகிச்சைக்காகப் பத்மஸ்ரீ வாங்கின டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கரும் அங்க போய்ப் பார்த்தார். பாதிக்கப்பட்டவங்க ரத்தம், சிறுநீர், முடியில செலினியம் பல மடங்கு அதிகம்னும், ரேஷன் கோதுமைதான் காரணம்னும் சொன்னார்.

கோதுமையில எப்படி? பஞ்சாபில் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பக்கம் சில வயல்களில், சிவாலிக் மலையிலேர்ந்து அடிச்சு வந்த மண்ணில் செலினியம் அதிகம். அங்க விளைஞ்ச தீவனத்தைத் தின்ன மாடுகளுக்குக் குளம்பு கழன்று விழுந்ததை விஞ்ஞானிகள் பல வருஷமா பதிவு பண்ணியிருக்காங்க. ஏர் பூட்டின வீட்டில் பிறந்தவங்களுக்கு அது எவ்வளவு பெரிய அடின்னு புரியும்.

இங்கதான் குழப்பம் வரும். செலினியம் இல்லாமலும் நம்மால் வாழ முடியாது. தைராய்டு ஒழுங்கா வேலை செய்யவே அது வேணும். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 40 மைக்ரோகிராம் போதும்னு ஐ.சி.எம்.ஆர். சொல்லுது. மீன், முட்டை, தானியத்துலயே அது கிடைச்சுடும். பல நாள் தொடர்ந்து 400 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாதுன்னு அமெரிக்காவில் வரம்பு வெச்சிருக்காங்க. தேவைக்கும் ஆபத்துக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் கம்மி. தாண்டினா முடி கொட்டும், நகம் உடைஞ்சு கழலும், மூச்சில் பூண்டு வாடை அடிக்கும், நரம்பு பாதிக்கும்.

இதை வெச்சு நம்ம பாட்டிலைக் கணக்குப் போடுங்க. 2.5 சதவிகிதம்னா 1 மில்லியில் 25 மில்லிகிராம் செலினியம் சல்ஃபைடு. எடையில் பாதிக்கும் கொஞ்சம் மேல செலினியம், அதாவது சுமார் 14 மில்லிகிராம். 14,000 மைக்ரோகிராம்! கிட்டத்தட்ட ஒரு வருஷத் தேவை, ஒரே ஒரு மில்லியில.

அப்ப ஏன் லோஷன் போடுறவங்களுக்கு மொட்டை விழலை? கோதுமையில் இருந்த செலினியம் குடல் வழியா ரத்தத்துக்குப் போகிற வடிவத்தில் இருந்தது. லோஷனில் இருக்கிறது கரையாத தூள், தோலுக்கு மேல பத்து நிமிஷம் இருந்துட்டுத் தண்ணியோட போயிடுது. லோஷனாலயும் சிலருக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமா முடி உதிரலாம், நிறுத்தினா சரியாகிடும்.

ஆனா தோலில் புண் இருந்தா அந்தக் காவல் உடைஞ்சுடும். 1961-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஒரு கேஸ்: தலையில் புண்கள் இருந்த ஒரு பெண், செலினியம் சல்ஃபைடு ஷாம்பை மாசக்கணக்கில் போட்டிருக்காங்க. கை நடுக்கம், சோர்வு, மூச்சில் பூண்டு வாடை. ஷாம்பை நிறுத்தின பிறகு சரியாச்சு. சொறிஞ்சு சொறிஞ்சு ரணமான தலை, சவரம் பண்ணிக் கீறின கழுத்து, வெடிச்ச தோல் எதுலயும் இதைப் போடக் கூடாதுன்னு சொல்றது அதனாலதான்.

"கேன்சர் வருமாமே?" இன்டர்நெட்டில் அதுவும் கிடக்கும். முழுசா தெரிஞ்சுக்கோங்க. எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் இதை வாய் வழியா நீண்ட நாள் குடுத்தப்ப கல்லீரலில் கட்டிகள் வந்தது; 1980-ல் அமெரிக்க அரசு ஆய்வு முடிவு வெளியாச்சு. அதனால அங்க இதை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கலாம்னு எதிர்பார்க்கப்படுகிற பொருட்கள் பட்டியலில் வெச்சிருக்காங்க. அதே சமயம் சுண்டெலிகளின் தோலில் தடவிப் பார்த்த ஆய்வுகளில் அப்படித் தெரியலை. ஐரோப்பாவில் கடையில் விற்கிற பொடுகு ஷாம்பில் 1 சதவிகிதம் வரைக்கும் இன்னிக்கும் அனுமதி இருக்கு, 'கண்ணிலும் புண்பட்ட தோலிலும் படக் கூடாது'ங்கிற எச்சரிக்கையோட. என்னைக் கேட்டா, டாக்டர் சொன்ன ஏழு நாளுக்குப் பயப்பட வேணாம். காரணமே இல்லாம வருஷம் முழுக்கத் தேய்க்கவும் வேணாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியது

பாட்டில் பார்க்க ஜூஸ் கலர். வீட்டில் தவழுற, நடக்க ஆரம்பிச்ச குழந்தை இருந்தா கிணத்தடியிலோ பாத்ரூம் தரையிலோ விடாதீங்க. மிச்சத்தை வேற பாட்டிலில், முக்கியமா கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊத்திவைக்கவே கூடாது. யாராவது குடிச்சுட்டா, கரையாத பொருள்ங்கிறதால பெரும்பகுதி வெளியேறிடும். அதுக்காக வீட்டிலேயே காத்திருக்காதீங்க. உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கிறதும் வேணாம், நுரை மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். 108-ஐ கூப்பிடுங்க, பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போங்க. டாக்டருக்கு அந்த லேபிள்தான் வேணும்.

காலி பாட்டிலைக் குப்பையோட போட்டுக் கொளுத்தாதீங்க. செலினியமும் கந்தகமும் எரிஞ்சு வர்ற புகை நுரையீரலை அரிக்கும். மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் இந்தப் பொருள் கடும் விஷம். அதனால லோஷன் தேய்ச்சுக்கிட்டு ஏரியில் இறங்கிக் குளிக்காதீங்க. மாடு தண்ணி குடிக்கிற தொட்டியில் பாட்டிலை அலசவும் கூடாது. வீட்டு பாத்ரூம்ல குளிச்சிடுங்க, வாளியில தண்ணி கொஞ்சம் தாராளமா எடுத்துக்கோங்க.